சந்தேகத்துக்கு அப்பன்

என் கணவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய புறங்கையில் இருந்துதான் தொடங்க வேண்டும். மிஸ்ஹர் எதையும் முதலில் உள்ளங்கையால் தொட மாட்டார். பிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், ஏர் கூலர், டீக்கடையில் தண்ணீர் பிடிக்கிற இரும்புத் தொட்டி, எதுவானாலும் முதலில் புறங்கையால் ஒரு தட்டு. கரண்ட் இருந்தால் உள்ளங்கை பொத்திக்கொண்டு விடாதாம், புறங்கையென்றால் கை தானாக விலகிவிடுமாம். எங்கள் மகள் ரவ்னக் பிறந்து துணியில் சுற்றிக் கொடுத்தபோதும் மனிதர் அவள் நெற்றியைப் புறங்கையால்தான் தொட்டார். என் அம்மா சும்மா இருப்பாளா?

"பிள்ளைய என்ன இஸ்திரிப் பொட்டின்னு நெனச்சியாப்பா?" என்று கேட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி வார்டே சிரித்தது.

ஈராக்கில் எங்கள் பஸ்ரா நகரத்தில் அவருக்கு 'அபூ ஷக்' என்று பெயர். சந்தேகத்துக்கு அப்பன். எங்கள் ஊரில் மனிதனை அவன் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அப்பன் என்று கூப்பிடுவதுதான் மரியாதை. அந்த மரியாதையை வைத்தே கேலியும் செய்துவிடுவார்கள். நேரில் அபூ ரவ்னக், முதுகுக்குப் பின்னால் அபூ ஷக். வேலை அப்படி. மின்சாரப் பொருட்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம். புது டிரான்ஸ்பார்மர் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் இவர் போய் மெக்கர் என்கிற அளவுக் கருவியை வைத்து, எண்ணெயைச் சோதித்து, எர்த்தை அளந்து, 'சரி' என்று எழுதின பிறகுதான் கரண்ட் கொடுப்பார்கள்.

இத்தனை சந்தேகம் வர எங்கோ யாரோ கண்ணெதிரே செத்திருக்க வேண்டும் என்று ஊரே ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தது. நானும் நம்பினேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "யாரும் சாகலையே. பொட்டிக்குள்ள ஒரு காகிதம் வெச்சிருப்பான்ல, அத நான் படிச்சேன், அவ்வளவுதான்" என்றார். கருவியோடு வரும் காகிதத்தை உட்கார்ந்து படித்த ஒரே ஆள் இந்த ஊரில் இவராகத்தான் இருக்கும்.

என் தம்பி ஜாசிப் அதற்கு நேர் எதிர். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் அணில், இறங்கினால் வாயாடி. இரண்டு பேருக்கும் ஒரே கம்பத்தில் வேலை விழும்போதெல்லாம் எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சண்டை உறுதி. ஜாசிப் சொல்வான்: "அக்கா, உன் புருஷன் டெஸ்டரை டெஸ்ட் பண்றாரு, லைனை டெஸ்ட் பண்றாரு, மறுபடி டெஸ்டரை டெஸ்ட் பண்றாரு. அதுக்குள்ள நான் ரெண்டு சந்துக்கு கரண்ட் குடுத்துடுவேன்." இவர் வெண்டைக்காய்க் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தபடி, "குடு. ஆனா எர்த் ராடைப் போட்டுட்டுக் கம்பியில கை வை" என்பார்.

எர்த் ராடு என்பது ஒரு நீளக் கம்பு. நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தடித்த செம்பு வயர் தரைக்குப் போகும். கரண்ட் இல்லாத கம்பியாகவே இருந்தாலும் அந்தக் கொக்கியை மாட்டித் தரையோடு இணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வேலை நடக்கும்போது எங்கிருந்தாவது கரண்ட் வந்து தொலைத்தால் அது மனிதனை விட்டுவிட்டுத் தரைக்குப் போய்விடும். எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கருகி மூன்று வாரமாகக் கிடந்தது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு கரண்ட். ஒன்று அரசு கரண்ட், அது நினைத்தால் வரும். மற்றது சந்து ஜெனரேட்டர்காரன் ஆம்பியர் கணக்கில் விற்கும் கரண்ட். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் நடுவில் நிற்பதுதான் அந்தச் சுவிட்ச். ஜூலை வெயிலில் அது உருகிப் புகைந்தது. அவர் அதைக் கழற்றி வீசிவிட்டு, அரசு கரண்டை நேராக மெயினில் கொடுத்தார். ஆம்பியர்காரனின் வயரைச் சுருட்டிக் கட்டினார். வாசல் முற்றத்தில் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டு வந்து வைத்தார்.

அதிலிருந்து வீட்டுக்குள் கரண்ட் கொண்டுவர ஒரு வயர் செய்தார். இரண்டு பக்கமும் ஆணி வைத்த வயர். ஒரு தலை ஜெனரேட்டரில், மறு தலை சமையலறை சுவரில் இருக்கும் பிளக்கில். சுவரிலிருந்து கரண்டை எடுப்பதற்குப் பதிலாக, சுவருக்குள் கரண்டை ஊட்டுவது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் இந்த இரட்டைத் தலை வயர் உண்டு. யார் வீட்டில் பார்த்தாலும் பிடுங்கி வெட்டிப் போடும் மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் தன் கையாலேயே செய்தார்.

"நல்ல சுவிட்ச் வெளியூர்லேர்ந்து வரணும் நஜாத். சந்தையில இருக்கிறதெல்லாம் குப்பை. வர்ற வியாழக்கிழமை வந்துடும்."

மூன்று வியாழக்கிழமை போய்விட்டது.

எனக்குப் பாடம் மட்டும் நன்றாக நடத்தினார். முதலில் மெயினை இறக்கு. அப்புறம் வயரைச் செருகு. அப்புறம் ஜெனரேட்டரைக் கிளப்பு. அரசு கரண்ட் வந்தால் ஜெனரேட்டரை அணை, வயரைப் பிடுங்கு, கடைசியாக மெயினைத் தூக்கு. கலிமா சொல்வது போல் நான் ஒப்பித்துக் காட்டினேன். மூன்று வாரத்தில் நாற்பது தடவையாவது செய்திருப்பேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாள் புழுதிக்காற்று அடித்து, ஊரே மஞ்சளாகிக் கிடந்தது. ரவ்னக்குக்கு இழுப்பு. பன்னிரண்டு வயதுப் பெண், இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினாள். விடியற்காலையில் எங்கள் சந்து டிரான்ஸ்பார்மர் வெடித்து எண்ணெய் ஒழுகியது. காலை எட்டுக்கெல்லாம் ஜாசிப்பின் ஆட்கள் புது டிரான்ஸ்பார்மரோடு வந்துவிட்டார்கள். பரிசோதிக்க யார் வருவார்? எங்கள் வீட்டு ஆள்தான். கம்பம் எங்கள் வீட்டிலிருந்து ஏழு வீடு தள்ளி.

வெளியே போகும்போது மிஸ்ஹர் மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குள்ள கரண்ட் குடுத்துடுவோம். நான் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமைகள் தவறலாம், வேலை விஷயத்தில் அவர் ஒரு மணி சொன்னால் அந்த மணிதான். பதினான்கு வருட தாம்பத்தியத்தில் அந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை.

கம்பத்தடியில் நடந்ததை ஜாசிப் நூறு தடவை சொல்லி எனக்கு மனப்பாடம். பதினொரு மணிக்கு இவர் சந்துக் கம்பியை டெஸ்டர் வைத்துப் பார்த்தார், உயிர் இல்லை. டிரான்ஸ்பார்மரில் மெக்கர் வைத்தார், நல்ல அளவு. எண்ணெய் சரி. எர்த் சரி. பதினொன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்து, டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் வயர்களைச் சந்துக் கம்பியோடு சேர்ப்பதுதான் பாக்கி. இருபது நிமிட வேலை. ஜாசிப் ஏணியில் கால் வைத்தான்.

"எர்த் ராடு எங்கே?" என்றார் இவர்.

ஜாசிப் தலையைச் சொறிந்தான். முதல் நாள் பெண்டாட்டியின் தம்பி வீட்டு விருந்துக்கு வாரிய வண்டியில் தர்பூசணி ஏற்ற வேண்டியிருந்தது. இடம் போதாமல் எர்த் ராடை ஷெட்டிலேயே இறக்கி வைத்துவிட்டான்.

"மச்சான், இப்பதானே பார்த்தீங்க, கம்பி செத்துக் கிடக்கு."

"பதினொரு மணிக்குச் செத்திருந்துது. இப்ப மணி என்ன?"

"செத்தது எந்திரிச்சு வருமா? அதுக்கு இன்னும் கியாமத் நாள் வரல மச்சான்!"

கூட்டம் சிரித்தது. ஐம்பது டிகிரி வெயில், கானல் தரையில் ஆடுகிறது, சந்து முழுக்க மனிதர்கள் தலையில் ஈரத் துண்டோடு நிற்கிறார்கள். சந்து ஜெனரேட்டரும் அந்தச் சூட்டில் விசிறிக்கு மேல் எதையும் இழுக்கவில்லை. எதிர்வீட்டு அபூ தாமிர் மீன் வியாபாரி. வீட்டில் இரண்டு பெட்டி மீன், ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"அபூ ரவ்னக்! என் மீனு உன் பயத்துக்காகக் காத்திருக்காதுய்யா! பயமா இருந்தா நீ வீட்டுக்குப் போய்ப் பொம்பளையோட உக்காரு, எங்க ஜாசிப் பாத்துப்பான்!"

"போய் எடுத்துட்டு வா" என்றார் இவர், வண்டி டிரைவரிடம். அபூ தாமிர் பக்கம் திரும்பவேயில்லை.

"போக வர முக்கால் மணி நேரம் ஆகும் மச்சான்!"

"ஆகட்டும்."

பரிசோதனைத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கம்பத்தின் நிழலில் குந்திவிட்டார். அந்தத் தாளில் அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் எதையும் சேர்க்க முடியாது. முக்கால் மணி நேரம் அந்த மனிதர் வாங்கிய பேச்சைக் கேட்டிருந்தால் நானே ஏணியில் ஏறிச் சேர்த்திருப்பேன்.

ஆனால் நான் வீட்டில் இருந்தேன். ரவ்னக்கின் மூக்கில் முகமூடியை வைத்து, மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினைப் போட்டிருந்தேன். முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. முற்றத்துக்குப் போய் ஜெனரேட்டர் தொட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் இரண்டு விரல் பெட்ரோல். கேனைக் குலுக்கினேன், காலி.

மணி பன்னிரண்டே கால்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன், பூசி மெழுகவில்லை. பன்னிரண்டு என்று சொன்னவர் அதிகம் தவற மாட்டார். கரண்ட் இதோ வரப்போகிறது. பெட்ரோல் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டால், மறுபடி ஓடும்வரை பிள்ளை என்ன ஆவாள்? இப்போதே மெயினைத் தூக்கி வைத்துவிட்டால், இது நிற்கிற நொடியில் அது வந்து ஏந்திக்கொள்ளும். பாடம் தெரியாமல் இல்லை. ஜெனரேட்டரை அணை, வயரைப் பிடுங்கு, அப்புறம்தான் மெயின் என்று மனது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மகளின் உதட்டைப் பார்த்தேன். மெயினைத் தூக்கிவிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. மெஷின் ஓடியது, விசிறி சுற்றியது. புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்றுகூடத் தோன்றியது.

கால் மணி நேரம் கழித்து, அக்கம்பக்கத்தில் பெட்ரோல் கேட்கலாம் என்று முற்றத்துக்கு வந்தேன். எதிர்வீட்டு வாசல் கூரைக்கு அடியில் சிவப்பு பல்ப் எரிந்தது. அரசு கரண்ட் வந்ததா என்று பார்க்கவே எங்கள் சந்தில் பலர் அப்படி ஒரு பல்பை நேராக அந்த லைனில் மாட்டி வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் ஆம்பியர்காரன் பக்கம் திருப்பியிருக்கும், அந்த ஒரு பல்ப் மட்டும் அரசு கரண்டுக்குக் காத்திருக்கும். "அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டுது" என்று வாய்விட்டே சொன்னேன். திரும்பி இரண்டடி வைத்தேன்.

போன் அடிக்கவில்லையே.

அவர் போன் பண்ணுகிறேன் என்றாரே. பண்ணாமல் கொடுக்க மாட்டாரே. அப்படியானால் அந்தப் பல்பை எரிக்கிறது எது? ஜெனரேட்டரைப் பார்த்தேன். அது என் முற்றத்தில் குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை பிளக்கில் செருகிய வயர், தூக்கிய மெயின், அங்கிருந்து சந்துக் கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் ஏணி. ஏணியில் என் தம்பி.

மெயினை நோக்கி ஓடினேன். சமையலறை வாசலைத் தாண்டவில்லை, ஜெனரேட்டர் தொண்டை அடைத்தது போல் ஒரு இருமல் இருமி நின்றது. அதே நொடியில் சந்துக்கோடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு ஆள் அலறல். பிறகு ஒன்றுமே இல்லை.

மெயினை இறக்கினேனா, வயரைப் பிடுங்கினேனா, எனக்கு நினைவில்லை. இரண்டையும் செய்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. செருப்பில்லாமல், தலைத்துணி ஒரு தோளில் தொங்க, அந்த ஏழு வீட்டையும் ஓடினேன். தம்பியா புருஷனா, தம்பியா புருஷனா, இது ஒன்றுதான் மண்டைக்குள். யா அல்லாஹ், இரண்டு பேரில் யாரைக் காப்பாற்று என்று கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஓடினேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தால், ஜாசிப் ஏணியின் பாதியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான். முகம் சுண்ணாம்பு. எர்த் ராடு கம்பியில் தொங்கியது, கொக்கி நுனி கருகிக் கிடந்தது. மிஸ்ஹர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் உயிரோடு.

நடந்தது இதுதான். எர்த் ராடு வந்ததும் கூட்டத்தின் ஏச்சில் கடுப்பாகியிருந்த ஜாசிப், "மறுபடி டெஸ்டரா? போதும் மச்சான்!" என்று சொல்லிக்கொண்டே ஏறி, வெறும் கடமைக்காகக் கொக்கியை மாட்டினான். மாட்டிய நொடியில் என் வீட்டுக் கரண்ட் முழுதும் அந்தக் கொக்கி வழியாகத் தரைக்குப் போய், ஜெனரேட்டரின் மூச்சை அடைத்தது. எர்த் ராடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் அவன் கை இருந்திருக்கும். வியர்வையில் ஊறிய கை.

ஜாசிப் இறங்கினான். கால் தரையில் பட்டதும் பயம் கோபமாக மாறியது.

"எவன்டா அது? எவன் வீட்ல ஜெனரேட்டர் ஓடுது? இன்னிக்கு அவனை நான் பொதைக்காம விடமாட்டேன்!"

வீட்டு ஜெனரேட்டர் என்றாலே சந்தில் எல்லோருக்கும் முதலில் நினைவு வருபவர் அபூ தாமிர்தான். அபூ ஷக்கின் வீட்டை யாரும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவசரப்படுத்தியதும் அவர்தான். எவனோ ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"இவன்தான்! மீனுக்காக ஓட்டியிருப்பான்!"

"வல்லாஹி, என்னுது பழுதாகி ஒரு மாசமாச்சு! வந்து பாருங்கடா!"

யார் பார்க்கிறார்கள்? ஜாசிப் கையை ஓங்கினான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இல்லை, அதையும் பொய் சொல்ல மாட்டேன். சத்தம் வந்திருக்கும், நான்தான் விடவில்லை. இந்தச் சந்தின் முன்னால், என் தம்பியின் முன்னால், அபூ ஷக்கின் பெண்டாட்டி என்ற பெயரோடு எப்படிச் சொல்வேன்? மூன்று மூச்சு நேரம் பேசாமல் நின்றேன். அதற்குள் அபூ தாமிரின் கன்னத்தில் அறை விழுந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது மனிதர், தலைத்துணி மண்ணில் விழுந்தது.

"அவரை விடுடா! நான்தான். எங்க வீடுதான்."

ஜாசிப் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. "அக்கா..." என்றான்.

மிஸ்ஹர் என் முன்னால் வந்து நின்றார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கருவியிடம் கேட்கிறது போல, ஒரே குரலில் கேட்டார்.

"மெயினை எப்பத் தூக்கின?"

"பன்னெண்டே கால்."

"இப்ப?"

"எறக்கிட்டேன்னு நெனைக்கிறேன். தெரியலைங்க."

"வயரு?"

"தெரியல."

தலையை ஆட்டினார். பிறகு குரல் மாறியது.

"ரவ்னக்குக்கு மருந்து முழுசா உள்ள போச்சா?"

அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து எழுப்பினார். உள்ளங்கையால் பிடித்தார். அந்த நிலையிலும் அது எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் காரில் ரவ்னக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், நானும் போனேன். இவர் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, சந்தில் ஒவ்வொரு வீட்டு மெயினையும் பார்த்து, டெஸ்டரைச் சோதித்து, கம்பியைச் சோதித்து, மறுபடி டெஸ்டரைச் சோதித்து, எர்த் ராடை மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி, மூன்று மணிக்குத்தான் கரண்ட் கொடுத்தாராம். அந்த இரண்டரை மணி நேரம் ஒரு ஆள் அவசரப்படுத்தவில்லையாம். ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூச்சு சீரானபோது என் போன் அடித்தது.

"கரண்ட் குடுத்துட்டோம் நஜாத். இப்ப மெயினைத் தூக்கலாம், நீ வந்ததும்."

சாயங்காலம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். நான் எலுமிச்சை டீ வைத்துவிட்டு எதிரில் நின்றேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அங்க என் பேரை எழுதுங்க."

"வயரை நீ பண்ணலையே."

"மெயினை நான்தானே தூக்கினேன்!"

"பிள்ளைக்கு மூச்சு முட்டுனா எந்தத் தாயும் தூக்குவா. அது தெரிஞ்ச பிறகும் வயரைப் பண்ணிச் செவுத்துல செருகினது யாரு? சுவிட்ச் கருகிக் கெடந்தது மூணு வாரமா யாருக்குத் தெரியும்?"

எழுதினார். இரட்டைத் தலை வயர் செய்தவர், சோதனையாளர் மிஸ்ஹர். சுவிட்ச் பழுது என்று தெரிந்தும் சரிசெய்யாதவர், அவரே. கீழே கையெழுத்து. விசாரணையில் ஒரு பொறியாளர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டாராம்: எர்த் ராடுக்காக முக்கால் மணி நேரம் காத்திருக்காமல் பன்னிரண்டு மணிக்கே சேர்த்திருந்தால் இந்த விபத்தே வந்திருக்காதே? எனக்கும் பல நாள் தூக்கம் கெடுத்த கேள்வி அது. இவர் சொன்ன பதில்: "எங்க வீட்டால வந்திருக்காது சார். இன்னும் முப்பத்தேழு வீடு இருக்கு." சோதனைக் கையெழுத்துப் போடும் உரிமையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் ஏர் கூலர் பழுது பார்த்தார். வாடிக்கையாளர்களின் கூலரையும் புறங்கையால்தான் தொட்டார்.

அறிக்கை கொடுத்த மறுநாள் நானும் அவரும் ஜாசிப்பும் அபூ தாமிர் வீட்டுக்குப் போனோம். காபி வந்தது. மூன்று பேரும் தொடாமல் கீழே வைத்தோம். கேட்க வந்த மன்னிப்பை வீட்டுக்காரர் கொடுத்த பிறகுதான் வந்தவர்கள் காபியைக் குடிப்பது எங்கள் வழக்கம் என்பது அவருக்கும் தெரியும். கன்னத்தைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது.

"தப்பு என் மேல, மாமா" என்றான் ஜாசிப். குனிந்து அவர் தோளில் முத்தமிட்டான்.

"தப்பு எல்லார் மேலயும்தான். குடிங்க, ஆறிப்போகுது" என்றார் அபூ தாமிர். பிறகு மிஸ்ஹரிடம், "ஆனா ஒண்ணு அபூ ரவ்னக். என் வீட்லயும் அந்த மாதிரி வயரு ஒண்ணு கெடக்கு. நீயே வெட்டிட்டுப் போ, எனக்குத் தொடவே பயமா இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் சந்தில் பதினொரு இரட்டைத் தலை வயர்கள் வெட்டுப்பட்டன. எங்கள் வீட்டுப் புதுச் சுவிட்ச் அந்த வாரம் வியாழக்கிழமை சொன்னபடியே வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன்.

ஜாசிப் மாறிவிட்டான் என்று சொன்னால் நம்புவீர்களா? தர்பூசணிப் புத்தி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எர்த் ராடு விஷயத்தில் மச்சானையே மிஞ்சிவிட்டான். யாராவது "கம்பி செத்துதான் கெடக்கு, எதுக்கு ராடு?" என்று கேட்டால் இவன் ஒரு பதில் வைத்திருந்தான்: "எங்கக்கா வீட்ல இருக்கலாம்." கேட்டவர்கள் சிரித்துவிட்டு ராடை மாட்டினார்கள். அவன் கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு, அங்கிருந்து அபுல் கஸீப் ஊர் லைன்மேன்களுக்கு என்று அது பரவிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்தபோது தம்பியைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். "என் மானத்தை ஊர் ஊரா விக்கிறியாடா?" என்றேன். அவன் சிரித்தான். அதோடு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

போன வருடம், அவனோடு பேசாமல் மூன்று மாதம் ஆகியிருந்தபோது, காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தேன். கம்பத்தடியில் வாரிய வண்டி, ஏணியில் எனக்குத் தெரியாத ஒரு லைன்மேன். கீழே நின்றவனும் தெரியாதவன். மேலே இருந்தவன் கம்பியை நோக்கிக் கை நீட்டினான்.

"டேய், ராடு!" என்றான் கீழே இருந்தவன்.

"டெஸ்ட் பண்ணியாச்சுடா, செத்துக் கெடக்கு."

"உம்மு ரவ்னக் வீட்ல இருந்தா?" ரவ்னக்கின் அம்மா, நான்தான்.

மேலே இருந்தவன் முனகினான். "அந்தப் பொம்பளை எந்த ஊருன்னே தெரியாது, நம்ம உசிரை வாங்குறா" என்று சொல்லிக்கொண்டே கையை இழுத்துக்கொண்டு, குனிந்து எர்த் ராடை வாங்கி மாட்டினான். ஒன்றும் ஆகவில்லை. கம்பி செத்துத்தான் கிடந்தது. அவன் வேலையை முடித்துப் பத்திரமாக இறங்கும்வரை நான் வெண்டைக்காய்ப் பையோடு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, கரண்டுக்காகவா நிக்கிறீங்க? இதோ வந்துடும், வீட்டுக்குப் போங்க" என்றான்.

"போறேன் கண்ணு" என்றேன். அன்று சாயங்காலம் ஜாசிப்புக்கு நானே போன் பண்ணிச் சாப்பிட வரச் சொன்னேன்.